அழுக்கே இல்லாத லாக்

அத்தியாயம் ஏழு

"மூடிட்டாங்க மேடம்" என்றான் சிலம்பரசன், லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எதைடா?"

"நம்ம புகாரை. போன தடவை 'தகவல் போதாது'ன்னு மூடினாங்க. இந்தத் தடவை 'இப்பவும் போதாது'ன்னு மூடியிருக்காங்க. மூணாவது தடவை அனுப்பினா என்னையே மூடிடுவாங்க போல."

விஜயலட்சுமி டீ கிளாஸை வைத்த வேகத்தில் பாதி டீ மேஜையில் சிந்தியது. போலீஸ் ஸ்டேஷன்களில் முப்பது வருஷம் ரைட்டராக உட்கார்ந்து, அழுதுகொண்டு வந்தவன், குடித்துவிட்டு வந்தவன், பொய் சொல்லவே வந்தவன் என்று எல்லோருடைய புகாரையும் எழுதித் தீர்த்துவிட்டு ஓய்வு பெற்றவள் அவள். நெய்வேலி மெயின் பஜாரில் ஒரு மாடி அறையைப் பிடித்து 'விஜயா துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டிய பிறகு வந்ததெல்லாம் மாப்பிள்ளை விசாரணைகள். மாப்பிள்ளை சுரங்கத்தில் பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா என்று கண்டுபிடிக்க மூளையே வேண்டாம், அவன் பைக்கைப் பார்த்தால் போதும். நிஜமான கேஸ் ஒன்று வராதா என்று ஏங்கியவளுக்கு வந்து வாய்த்தது ஒரு பிரிண்டர்.

சுரங்க வேலைக்கு ஆள் அனுப்பும் லேபர் கான்ட்ராக்டர் அய்யாசாமியின் ஆபீசில், தினக்கூலி ஆட்களுக்கு ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் கேட் பாஸ் அச்சடித்துக் கொடுப்பார்கள். பாஸ் இல்லாதவனைக் கேட்டில் உள்ளே விடமாட்டார்கள். அன்றைய கூலி போச்சு. ஒரு மாசமாகக் கம்மாபுரம் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு மட்டும் பாஸ் வருவதில்லை. கவுண்டரில் கம்ப்யூட்டர் பார்க்கும் எழில்மதியைக் கேட்டால், "நான் அனுப்பிட்டேங்க, பிரிண்ட் வரல" என்கிறாள். அவள் காசு வாங்கிக்கொண்டு வேறு ஊர்க்காரர்களை உள்ளே தள்ளுகிறாள் என்பது அய்யாசாமியின் முடிவு. அதற்கு ஆதாரம் பிடித்துத் தரத்தான் அவர் விஜயலட்சுமியை அமர்த்தினார். இன்று மத்தியானம் பி ஷிஃப்ட் தொடங்கும்வரைதான் கெடு. அதன் பிறகு எழில்மதிக்கு வேலையும் போகும், பேரில் போலீஸ் புகாரும் விழும்.

ஆனால் பொய் சொல்கிறவர்களை விஜயலட்சுமிக்குத் தெரியும். அவர்கள் கேட்காததையெல்லாம் சேர்த்துச் சொல்வார்கள். இந்தப் பெண் திரும்பத் திரும்ப ஒரே வாக்கியத்தைச் சொன்னாள். ஒருவேளை மிஷின்தான் பொய் சொல்கிறதோ என்று, அந்த அச்சு மென்பொருளை எழுதுகிறவர்களுக்கே புகார் அனுப்பும்படி சிலம்பரசனிடம் சொன்னாள் விஜயலட்சுமி. அய்யாசாமி ஆபீசில் இருப்பது லினக்ஸ் கம்ப்யூட்டர். அதன் மென்பொருளை எழுதுகிறவர்களுக்கு யார் வேண்டுமானாலும் இணையத்தில் புகார் போடலாம். வாங்கக் காசு வேண்டாம் என்றதும் போட்டுவிட்டார். "இலவசம்னா அவரு வரிசையில நின்னு ஊசிகூடப் போட்டுப்பாரு மேடம்" என்பது சிலம்பரசனின் கருத்து. சொந்தமாக நடத்திய பிரவுசிங் சென்டரை ஊரெல்லாம் ஸ்மார்ட்போன் வந்து இழுத்து மூடவைத்த பிறகு, அவளிடம் அசிஸ்டென்டாக வந்து சேர்ந்தவன் அவன். கம்ப்யூட்டர் தெரியும். வாய் அதைவிட நன்றாகத் தெரியும்.

"என்னதான் எழுதின? படி."

"'பிரிண்ட் வரவில்லை. மிக மிக அவசரம். உடனே சரி செய்யவும்.'"

"ரெண்டாவது?"

"'இன்னும் பிரிண்ட் வரவில்லை.'"

விஜயலட்சுமி தலையில் கை வைத்துக்கொண்டாள். "இதுக்கு மொட்டைக் கடுதாசியே தேவலாம். 'திருடு போச்சு, உடனே புடிங்க'ன்னு ஒருத்தன் எழுதிக் குடுத்தா நான் வாங்குவேனா? எந்த வீடு, என்ன பொருள், கடைசியா எப்ப பார்த்தன்னு கேக்க மாட்டேன்?"

"அதையேதான் அவங்களும் கேக்கறாங்க. என்ன மாடல், எந்த வெர்ஷன், என்ன செஞ்சா தப்பு நடக்குது, அதை மறுபடி நடத்திக் காட்ட முடியுமா, லாக் எங்க. லாக்னா உங்க ஸ்டேஷன் ஜெனரல் டைரி மாதிரி மேடம். மென்பொருள் செஞ்சதையெல்லாம் அதுவே எழுதி வைக்கும்."

"அனுப்ப வேண்டியதுதானே?"

"நேத்து சாயங்காலம் போய் எடுத்தேன். மூணே வரி. எழுந்தேன், தயாரா இருக்கேன், சும்மா இருக்கேங்கற மாதிரி. கோளாறுன்னு ஒரு பேச்சு இல்ல. அழுக்கே இல்லாத லாக். இதை அனுப்பினா சிரிப்பாங்கன்னு அனுப்பல."

விஜயலட்சுமி கையைத் தலையிலிருந்து எடுத்தாள்.

"ஒரு மாசமா தெனம் சண்டை நடக்கற வீட்ல ஒரு பாத்திரம்கூடவாடா நசுங்காம இருக்கும்?"

"கழுவிக் கவுத்தி வச்சிருந்தா?"

"அதான். யாரோ கழுவி வைக்கறாங்க. வண்டிய எடு."

அய்யாசாமியின் ஆபீஸ் சுரங்கத்துக்குப் போகும் சாலையில், கேட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. முன்பக்கம் தகரக் கூரை போட்ட கவுண்டர், அதில் எழில்மதி. அவளுக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்புப் போட்ட கேபின். பிரிண்டரும் அது மாட்டியிருக்கும் கம்ப்யூட்டரும் கேபினுக்குள். பாஸ் தாளை யாரும் இஷ்டத்துக்கு அடித்துக்கொள்ளக் கூடாது என்று அய்யாசாமி செய்த ஏற்பாடு. பஸ் வந்ததும் இறங்கியவர்களைப் பார்த்து எழில்மதி ஒரு பஸ்ஸுக்கு மொத்தமாக ஒரு தடவை அனுப்புவாள். கேபினில் இருக்கும் சூப்பர்வைசர் தாளை எடுத்து ஜன்னல் வழியாகக் கொடுப்பார்.

அந்த சூப்பர்வைசர் சாமிக்கண்ணு. சுரங்கத்தில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருடைய மேஜை அந்த வட்டாரத்திலேயே தூசி இல்லாத ஒரே மேஜையாக இருக்கும்.

"அந்தப் பொண்ணு அனுப்பறதே இல்லீங்க" என்று அவர் ஆரம்பித்தார். "நானும் சொல்லிக்கினே இருக்கேன். ஷிஃப்ட் மாத்தி வுட்டப்புறம் பார்த்தா கம்ப்யூட்டர் வரிசையில ஒண்ணும் இருக்காது. அனுப்பியிருந்தா இருக்கணுமா இல்லியா? என் மவன் கருப்பசாமி அந்தக் கம்மாபுரம் வண்டியிலதான் வர்றான். கல்யாணம் ஆயி அங்கதான் இருக்கான். அவனுக்கே பாஸ் இல்லன்னு எத்தினி நாளு திருப்பி அனுப்பிட்டாங்க தெரியுமா? பெத்த வயிறு எரியுதுங்க."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எழில்மதி காதில் விழாதவள்போலக் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஊர் கம்மாபுரத்துக்கு அடுத்த வளையமாதேவி. அவள் அம்மா மாணிக்கம்மாளும் அதே பஸ்ஸில் தினக்கூலிக்கு வருகிறவள்தான், பாஸ் இல்லாமல் திரும்பியவள்தான். அது நாடகம் என்று ஊர் பேசிக்கொண்டது.

"ஒரு பக்கம் அடிச்சுக் காட்டுங்க" என்றாள் விஜயலட்சுமி.

சாமிக்கண்ணு அணைந்துகிடந்த பிரிண்டரின் சுவிட்சைப் போட்டார். எழில்மதி ஒரு சோதனைப் பக்கம் அனுப்பினாள். பிரிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு சுத்தமாக ஒரு தாளை வெளியே தள்ளியது.

"இதான் மேடம் என் தலையெழுத்து" என்றான் சிலம்பரசன். "நான் வந்தப்பவும் வந்துச்சு. சர்வீஸ்காரன் வந்தப்பவும் வந்துச்சாம். ஆபீசர் வர்ற அன்னிக்கு மட்டும் சீருடை போட்டுக்கிட்டு நிக்கற ஆளு மாதிரி இருக்கு."

விஜயலட்சுமிக்கு அந்த பிரிண்டரை எட்டி உதைக்க வேண்டும்போல இருந்தது. சந்தேகத்தில் பிடித்த ஆள் என்றால் நாலு கேள்வி கேட்கலாம், கையை ஓங்கியாவது காட்டலாம். இதை என்ன செய்வது? அவள் கேபினிலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதலில் வடலூர் பஸ் வந்தது. தூக்குச் சட்டியும் ஹெல்மெட்டுமாகக் கூட்டம் கவுண்டரை மொய்த்தது. எழில்மதி டைப் செய்து அனுப்பினாள். பிரிண்டர் பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டு சும்மா இருந்தது. வரவில்லை. மறுபடி அனுப்பினாள், வரவில்லை.

"வடலூர்க்காரங்களுக்கு வழக்கமா வந்துடுமே" என்று முணுமுணுத்தாள் எழில்மதி.

பின்னாலேயே கம்மாபுரம் பஸ்ஸும் வந்தது. அவர்களுக்கும் வரவில்லை. கூட்டத்தில் ஒருவன் கவுண்டர் பலகையில் ஓங்கித் தட்டினான். "யார்கிட்டம்மா வாங்கின இன்னிக்கு?" என்றது ஒரு குரல். எழில்மதி தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் கீபோர்டில் விழுந்தது. சற்று முன்தான் துடைத்துவைத்த கீபோர்டு.

இரண்டு மணிச் சங்கு ஊதியது.

சங்குச் சத்தத்தில் எல்லோரும் கேட் பக்கம் திரும்பினார்கள். விஜயலட்சுமி திரும்பவில்லை. சங்கு ஓய்வதற்குள் சாமிக்கண்ணுவின் வலது கை மவுஸுக்குப் போய் திரையின் மூலையில் இருந்த ஒரு குட்டி ஐகான் படத்தை இரண்டு தட்டு தட்டியது. இடது கை பிரிண்டர் சுவிட்சை அணைத்தது. கண் எங்கேயோ இருந்தது. கை தானாகச் செய்தது, கோயிலைத் தாண்டும்போது கன்னத்தில் போட்டுக்கொள்கிற மாதிரி.

"என்ன பண்ணினீங்க இப்ப?"

"எப்ப?"

"இப்ப. மவுஸால."

"அதுவா? கிளீன் பண்றது. முன்ன இங்க இருந்த கம்ப்யூட்டர்காரப் பையன்கிட்ட கேட்டுப் போட்டுக்கினது. மைன்ஸ்ல ஷிஃப்ட் மாத்தி வுடும்போது பெண்டிங்கே வைக்க மாட்டேங்க நானு. எடுக்கறவனுக்குச் சுத்தமா குடுக்கணும். இங்க மூணு ஷிஃப்ட்டு ஆளுங்களுக்கும் அத நாந்தான் பழக்கி வுட்டேன்."

சிலம்பரசன் அந்தப் படத்தைத் திறந்து பார்த்துவிட்டு விசில் அடித்தான். "ரெண்டே கட்டளை மேடம். வரிசையில காத்துக்கிட்டிருக்கற பாஸையெல்லாம் ரத்து பண்ணு, லாகைக் காலி பண்ணு. ஊரே தேடற கைரேகையை ஷிஃப்ட்டுக்கு ஒரு தடவை பினாயில் போட்டுத் துடைச்சிருக்காரு."

சாமிக்கண்ணுவின் முகம் வெளுத்தது. "அப்ப அந்தப் பொண்ணு அனுப்பினது..."

"வந்து வரிசையில நின்னுச்சு. நீங்க அழிச்சுட்டு, வரவே இல்லன்னீங்க."

அந்த நேரம் பார்த்து அய்யாசாமி வந்தார். இன்று ஒரு ஷிஃப்ட்டுக்கே ஆள் போகவில்லை என்று சுரங்கத்திலிருந்து போன் வந்திருந்தது. சாமிக்கண்ணு அழித்த கதையைக் கேட்டும் அவர் கோபம் தணியவில்லை. "நீங்க வந்து புடிச்ச லட்சணம் இதாம்மா? இத்தினி நாளு ஒரு பஸ்ஸு போச்சு, இன்னிக்கு ரெண்டு பஸ்ஸும் போச்சு. அந்தப் பொண்ணை இப்பவே ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கினு போறேன். பெரியவரு சங்கு ஊதினப்புறம்தான அழிச்சாரு? அதுக்கு முன்னாடி ஏன் வரல? பதில் சொல்லுங்க."

அவர் கேட்டது சரியான கேள்வி, அதுதான் விஜயலட்சுமிக்கு எரிச்சலாக இருந்தது. தடயத்தை அழித்தவர் கிடைத்துவிட்டார், குற்றம் செய்தவன் கிடைக்கவில்லை. வழக்கமாகத் தப்பிக்கும் வடலூர் பஸ் இன்றைக்கு ஏன் மாட்டியது? இன்றைக்கு என்ன புதுசு?

நான்தான் புதுசு, என்று தோன்றியது அவளுக்கு. நான் கேட்ட அந்த ஒரு பக்கம்.

அவள் ஜன்னல் வழியாகக் கூட்டத்தைப் பார்த்தாள். "கம்மாபுரத்து ஆளுங்களுக்கு இந்த மாசத்துல ஒரு நாளாவது பாஸ் கெடச்சுதா?"

சின்னதுரை என்ற ஒரு ஆள் முன்னால் வந்தான். "ஒரே ஒரு நாளுங்க. போன வாரம். வடலூர் வண்டி பஞ்சர் ஆயி நின்னுபோச்சு, நாங்க மொதல்ல வந்துட்டோம். அன்னிக்கு வடலூர் ஆளுங்கதான் திரும்பிப் போனாங்க. அது பழி வாங்கறதுக்குப் பண்ணதுன்னு பேசிக்கினாங்க."

விஜயலட்சுமி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "சாமிக்கண்ணு அண்ணே, சுவிட்சைப் போடுங்க. எழில்மதி, ஒரு பக்கம் அனுப்பும்மா."

அனுப்பினாள். வந்தது.

"சுவிட்சைத் தொடாதீங்க. இன்னொண்ணு அனுப்பு."

அனுப்பினாள். பச்சை விளக்கு எரிந்தது. எல்லோரும் பிரிண்டரின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தாள் வரவில்லை.

"அணைச்சுப் போடுங்க. அனுப்பு."

இரண்டாவதாக அனுப்பிக் காத்துக்கிடந்த பக்கம் வந்தது. அதற்குப் பின்னால் அனுப்பியது வரவில்லை.

"ஊரும் இல்ல, பேரும் இல்ல" என்றாள் விஜயலட்சுமி. "சுவிட்சைப் போட்டதுக்கு அப்புறம் முதல் வேலையைச் செய்யும். ரெண்டாவது வேலைக்கு அப்படியே நின்னுடும். தெனம் முதல் வேலை வடலூர் பஸ், ரெண்டாவது கம்மாபுரம். இன்னிக்கு முதல் வேலை என்னோட சோதனைப் பக்கம். சோதிக்க வர்ற அத்தனை பேரும் சுவிட்சைப் போட்டு ஒரே ஒரு பக்கம் அடிச்சுப் பார்த்துட்டு நல்லா இருக்குன்னு போயிருக்கோம். முதல் சாட்சியை மட்டும் விசாரிச்சுட்டு ஃபைலை மூடியிருக்கோம்."

"மிஷின் மேல பழியப் போட்டு அந்தப் பொண்ணைக் காப்பாத்தப் பாக்கறீங்க" என்றார் அய்யாசாமி. ஆனால் குரலில் பழைய காரம் இல்லை. "நாளைக்கு பி ஷிஃப்ட். ரெண்டு பஸ்ஸுக்கும் அணைக்காம கொள்ளாம பாஸ் வரணும். வரலன்னா நான் என் வழியப் பார்க்கறேன்."

அன்று சாயங்காலம் மூன்றாவது புகாரை விஜயலட்சுமி சொல்லச் சொல்ல சிலம்பரசன் ஆங்கிலத்தில் அடித்தான். அவன் கொஞ்சம் சுதந்திரமாக எழுதப் பார்த்தான்.

"'மிக மிக அவசரம்'..."

"எடு. எல்லாப் புகாரும் அவசரம்தான்."

"இந்த பிரிண்டர்ல எழுத்துகூட மங்கலா வருது. அதையும் சேர்த்துடட்டா?"

"ஒரு எஃப்.ஐ.ஆருக்கு ஒரு குற்றம். சங்கிலித் திருட்டுல எருமை காணாமப் போனதைச் சேர்க்காதே."

"மென்பொருள்தான் சரியில்லைன்னு நான் நினைக்கறேன்னு..."

"நீ நினைக்கறதை யார் கேட்டா? பார்த்ததை எழுது."

பார்த்ததை எழுதினான். பிரிண்டர் மாடல், கேபிள் வழி இணைப்பு, லினக்ஸ் எது, அச்சு மென்பொருளின் வெர்ஷன் எது. சுவிட்சைப் போடு, ஒரு பக்கம் அனுப்பு, வரும். அணைக்காமல் இன்னொரு பக்கம் அனுப்பு, வராது. வர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. எத்தனை முறை செய்தாலும் இதேதான் நடக்கும். லாகை முழு விவரமும் எழுதும்படி மாற்றிவைத்து, இரண்டு பக்கம் அனுப்பி, அந்த 'கிளீன்' படத்தைத் தூக்கி எறிந்துவிட்டு எடுத்த ஃபைலையும் இணைத்தான். இந்தத் தடவை லாகில் அழுக்கு வண்டி வண்டியாக இருந்தது.

மறுநாள் காலை சிலம்பரசன் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்தான்.

"பதில் வந்துடுச்சு மேடம். இவ்வளவு தெளிவா எழுதினதுக்கு நன்றியாம். ஒவ்வொரு வேலை முடிஞ்சதும் மென்பொருள் பிரிண்டர்கிட்ட ஒரு பதிலை எதிர்பார்க்குமாம். இந்த மாடல் பதிலே பேசாதாம். அதனால அது காத்துக்கிட்டே நிக்குது. இந்த மாடலுக்கு மட்டும் பதிலுக்கு நிக்காதேன்னு ஒரு வரி சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்காங்க."

"ஒரே வரியா?"

"ஒரே வரி. பதில் பேசாத ஆளுக்காகக் காத்திருக்காதேன்னு. என் கல்யாணத்துக்கு முன்னாடி யாராவது எனக்கு அனுப்பியிருக்கலாம்."

விஜயலட்சுமி சிரிக்கவில்லை. ஒரு மாசமாக ஒரு பெண்ணின் மானம் தொங்கிக்கொண்டிருந்தது இந்த ஒற்றை வரியிலா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அதிலும் இரண்டு வாரம் தங்களுடைய 'மிக மிக அவசர'த்தில் போயிருந்தது.

சிலம்பரசன் போய் கேபின் கம்ப்யூட்டரில் அந்த வரியைச் சேர்த்தான். மத்தியானம் வடலூர் பஸ் வந்தது. பாஸ் வந்தது. கம்மாபுரம் பஸ் வந்தது. எழில்மதி அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பிரிண்டர் செருமியது. தாள் தாளாக வெளியே வந்து விழுந்தது. சாமிக்கண்ணு அவற்றை அடுக்கி ஜன்னல் வழியாக நீட்டும்போது அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. அய்யாசாமி ஒரு தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஸ்டேஷன் பேச்சை எடுக்காமல் வண்டியில் ஏறிப் போய்விட்டார். எழில்மதியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விஜயலட்சுமி அவர் போன திசையையே முறைத்துக்கொண்டு நின்றாள்.

"மூணாவது தடவையும் மூடிட்டாங்க மேடம்" என்றான் சிலம்பரசன் போனைப் பார்த்தபடி.

"யாரு?"

"சாப்ட்வேர்காரங்க. நான் 'சரியாயிடுச்சு'ன்னு எழுதினேன். 'தீர்ந்தது'ன்னு போட்டு மூடிட்டாங்க."

சங்கு ஊதியது. சாமிக்கண்ணுவின் இடது கை சுவிட்சை நோக்கிப் போய், பாதியில் நின்றது. பி ஷிஃப்ட்டை எடுக்க வந்த அடுத்த சூப்பர்வைசர் சுதாகர் வழக்கம்போலக் கேட்டான். "பெண்டிங் ஒண்ணும் இல்லீங்களே?"

"இருக்கு" என்றார் சாமிக்கண்ணு.

அவர் கண்ணாடிக் கதவைத் திறந்து கவுண்டர் பக்கம் வந்தார். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. "அம்மாடி, தப்பு என் பேர்லதான். நீ அனுப்பினதையெல்லாம் அழிச்சது நானு. ஒம் மேல அபாண்டமா பேசிப்புட்டேன். மனசுல வச்சுக்காத."

எழில்மதி நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பேசவில்லை.

"என்கிட்ட மெதுவா சொல்லாதீங்க. ஊரே கேக்கற மாதிரிதான பேசினீங்க? எங்கம்மா அந்த பஸ்ல ஒரு மாசமா நின்னுக்கினுதான் வர்றாங்க. பக்கத்துல எடம் இருந்தாலும் யாரும் உக்கார வைக்கிறதில்ல. அதோ, உங்க மவனுக்குப் பின்னாலதான் போறாங்க பாருங்க. அங்க போய் சொல்லுங்க."

சாலையில் கூட்டம் கேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. முன்னால் கருப்பசாமியும் மற்றவர்களும் சேர்ந்து நடந்தார்கள். கொஞ்சம் இடைவெளி விட்டு, பாஸைக் கையில் மடித்துப் பிடித்தபடி மாணிக்கம்மாள் தனியாக நடந்தாள்.

சாமிக்கண்ணு செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளாமல் வெயிலில் இறங்கினார். "டேய் கருப்பசாமி, எல்லாரும் நில்லுங்கடா" என்று கத்திக்கொண்டே கேட்டை நோக்கி ஓடினார்.

கூட்டம் நின்று திரும்பிப் பார்த்தது. மாணிக்கம்மாளும் நின்றாள்.

உள்ளே, யாரும் அணைக்காத பிரிண்டர் பச்சை விளக்கோடு இருந்தது. எழில்மதி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.